அடிக்கம்பிக்கும் அடியில்: பேஸ் கித்தாருக்கு ஆக்டேவ் பெடல்

தோட்டத்து விருந்து மேடையில் குத்துப்பாட்டு தொடங்கினால் நெஞ்சில் இடிப்பதில் பாதி டிரம், பாதி சிந்தசைசர் பேஸ். தொண்ணூறுகளுக்குப் பின் வந்த ஆட்டப் பாடல்கள் பலவற்றுக்கு அடித்தளமே அந்தக் கீபோர்ட் பேஸ்தான். மலேசியாவில் சுங்கை பஞ்சாங், சுங்கை பெசார், தஞ்சோங் காராங் பக்கம் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கப் போகிற சின்னக் குழுவில் கீபோர்ட்காரருக்கு ஏற்கெனவே இரண்டு கையும் போதாது. வயலின், புல்லாங்குழல், டிரம்பெட் எல்லாம் அவர் தலையில். ஆகவே இடியைப் பேஸ் கித்தார்காரர்தான் கொடுத்தாக வேண்டும். ஆக்டேவ் பெடல் வாங்குகிறவர்கள் இதற்காகத்தான் வாங்குகிறார்கள். வாசிக்கிற சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தைத் தானே உண்டாக்கிச் சேர்த்துத் தரும் சின்னப் பெட்டி அது.

வாங்கிய கையோடு விற்கப் பார்க்கிறவர்களும் உண்டு. எல்லோரும் சொல்வது டிராக்கிங், அதாவது சுரத்தைப் பிடிப்பது, சரியில்லை என்றுதான். சுரம் சுத்தமாக இறங்காமல் கரகரக்கிறது, பாதியில் மேலே எகிறுகிறது, கடைசியில் விக்கி விக்கிச் சாகிறது.

நான் வாசித்துப் பார்த்தது பாஸ் நிறுவனம் 2020இல் கொண்டுவந்த ஓசி-5. ஒப்பிடப் பக்கத்தில் அதன் தாத்தா ஓசி-2வையும் வைத்துக்கொண்டேன். ஓசி-2 எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. வேல்ஸ் நாட்டுப் பேஸ் கலைஞர் பினோ பலடினோ போன்றவர்களின் கையில் பேர் வாங்கியது. 2003இல் ஓசி-3 வந்ததும் அதன் தயாரிப்பு நின்றது. இன்றும் பழைய சாமான் விற்பவர்கள் அதற்குச் சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

டிராக்கிங் ஏன் தடுமாறுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய வகைச் சுற்று, வரும் அலை மேலும் கீழும் போவதை எண்ணுகிறது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு தடவை சுவிட்சைப் புரட்டுகிறது, அது போய்த் திரும்ப இரண்டு அலை ஆகிறது. எண்ணிக்கை பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். ஆனால் பேஸ் கம்பி ஒரே அலையாக அதிர்வதில்லை. ஈ கம்பியைத் திறந்து தட்டினால் அடிப்படைச் சுரம் 41.2 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 82.4 ஹெர்ட்ஸும் கூடவே அதிர்கிறது, பல நேரம் அடிப்படையைவிட பலமாகவே. பெடல் எதை எண்ணுவது என்று குழம்புவது அங்கேதான். அதோடு 41.2 ஹெர்ட்ஸில் ஒரு அலை முடியவே ஏறத்தாழ 24 மில்லி நொடி ஆகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒரு அலையைக்கூடப் பார்க்காமல் அது என்ன சுரம் என்று சொல்கிற பெடல் கிடையாது.

ஒத்திகையில் ஒரு இளம் பேஸ்காரர் கேட்டார்: “அண்ணே, பெடல் கெட்டுப்போச்சாண்ணே? ஒரே கரகரன்னு கத்துது.” பார்த்தால் கித்தாரில் பிரிட்ஜ் பிக்கப் மட்டும் முழுசாகத் திறந்திருக்கிறது, டோன் குமிழும் முழுசு, விரல் பிரிட்ஜை ஒட்டி. “பெடல் நல்லாத்தான் இருக்கு தம்பி. நெக் பிக்கப்பைத் திற, டோனைப் பாதிக்குக் கீழ இறக்கு, விரலைக் கழுத்துப் பக்கம் கொண்டு போ.” அவ்வளவுதான் சொன்னேன். பெடலின் குமிழ் ஒன்றையும் தொடவில்லை, கரகரப்பு அடங்கிவிட்டது. பிரிட்ஜ் பக்கம் தட்டினால் மேல் ஒலிகள் கூடும், கழுத்துப் பக்கம் தட்டினால் அடிப்படைச் சுரம் தூக்கலாக வரும். பெடலுக்கு வேண்டியது அந்த அடிப்படை ஒன்றுதான்.

ஓசி-5இல் முதலில் பார்க்க வேண்டியது கித்தாரா பேஸா என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச். கித்தாரில் விட்டுவிட்டுப் பெடலைத் திட்டுவதில் நியாயமில்லை. அடுத்தது விண்டேஜ், பாலி என்ற இரண்டு முறைகள். விண்டேஜ் ஓசி-2வின் குரலை டிஜிட்டலில் பிடித்து வந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். தடிப்பான, ரப்பர் போன்ற குரல், சிந்தசைசர் பேஸுக்கு நேர் சொந்தம். பாலியில் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தினாலும் குழம்பாது. ஆனால் அந்தச் சதைப்பிடிப்பு அங்கே இல்லை. மேடைக்கு நான் விண்டேஜைத்தான் எடுப்பேன். பழைய ஓசி-2வோடு மாற்றி மாற்றிக் கேட்டதில் குரல் மிகவும் நெருக்கம், பிடிப்பு ஓசி-5இல் ஒரு படி உறுதி. ஈ கம்பியின் முதல் சில ஃப்ரெட்களில் இரண்டுமே தள்ளாடுகின்றன.

தள்ளாடட்டும், அங்கே நமக்கு வேலையே இல்லை. ஏ கம்பியைத் திறந்து வாசித்தால் 55 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி இறக்கினால் 27.5. மண்டபத்தில் கம்பத்தில் ஏற்றி வைக்கிற 15 அங்குல ஸ்பீக்கர் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சோர்ந்துவிடும். 18 அங்குல சப் இருந்தாலும் 35, 40 வரைதான் நம்பலாம். அதற்குக் கீழே அனுப்புவதெல்லாம் ஸ்பீக்கர் கூம்பை வீணாக ஆட்டும், ஆம்ப்ளிஃபயரைச் சுடவைக்கும், கேட்பவர் காதுக்குப் போகாது. பக்கத்தில் உறுமி மேளமும் முழங்கினால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே கை மேலே ஏற வேண்டும். ஏ கம்பியின் 7வது ஃப்ரெட்டில் கிடைக்கும் ஈ 82.4 ஹெர்ட்ஸ். அதைப் பெடல் இறக்கினால் 41.2, அதாவது திறந்த ஈ கம்பியின் அதே சுரம். நாலு கம்பிப் பேஸின் வழக்கமான எல்லைக்குள்ளேயே நிற்கிறது, சிந்தசைசர் குரலில். அங்கிருந்து மேலே வாசிக்கிற எதையும் பெடல் தடுமாறாமல் பிடிக்கிறது, சப் இருந்தால் ஸ்பீக்கரும் கக்காமல் தருகிறது. அதே ஈ சுரம் ஈ கம்பியின் 12வது ஃப்ரெட்டிலும் உண்டு. தடித்த கம்பி என்பதால் அங்கே குரல் இன்னும் உருண்டையாக வருகிறது. எனக்குப் பிடித்த இடம் அது.

கித்தாரின் சொந்த ஒலிக்கான டைரக்ட் குமிழை முழுசாக மூடி, கீழ் ஸ்தாயியை மட்டும் திறந்து வாசித்தால் கையின் குறைகள் எல்லாம் வெளியே வந்துவிடும். வாசிக்காத கம்பி கூட அதிர்ந்தாலும் பெடல் அதையும் எண்ணப் பார்க்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் லேசாக வைத்துக் கட்டைவிரலால் தட்டிப் பாருங்கள். சுரம் குட்டையாக, அழுத்தமாக வரும். விக்கிச் சாவதற்கு முன் நாமே அதை நிறுத்திவிடுகிறோம். ஸ்லாப் வாசிக்கும்போது பெடலை அணைத்துவிடுவது நல்லது. பெடலின் இடம் வரிசையில் முன்னால், டிஸ்டார்ஷனுக்கும் கோரஸுக்கும் முன்பு. அதற்கும் முன்னால் லேசான கம்ப்ரசர் இருந்தால் சுரம் கடைசிவரை சமமாக நிற்கும். கம்ப்ரசரை அதிகம் பிழிந்தால் இரைச்சல் ஏறும்.

இரைச்சல் என்றதும் மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் 3வது ஃப்ரெட்டில் உள்ள ஜி 49 ஹெர்ட்ஸ். திருவிழா மேடையில் ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் ஒரே வயரில் ஓடும்போது சிங்கிள் காயில் பிக்கப் அந்த ஹம்மை வாங்கினால், பெடல் அதையும் சுரம் என்று நினைத்து 25 ஹெர்ட்ஸில் உறுமத் தொடங்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பெடலை மிதித்து அணைத்துவிடுங்கள். பழைய ஓசி-2 வாங்குவோருக்கு இன்னொரு எச்சரிக்கை: ஆரம்பகாலப் பெடல்கள் ஏசிஏ என்று குறித்த அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. இப்போதைய பிஎஸ்ஏ 9 வோல்ட் அடாப்டரைத் தனியாகச் செருகினால் விளக்கு மங்கும், டிராக்கிங்கும் சோர்ந்துபோகலாம். விலை பேசுவதற்கு முன் பெடலைத் திருப்பி அடிப்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள்.

எந்தப் பாட்டுக்கு மிதிப்பது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸ் எல்லாம் விரலின் நெளிவில் வாழ்பவை. அவற்றின் மேல் கீழ் ஸ்தாயியை ஏற்றுவது அநியாயம். ஆட்டப் பாட்டு, குத்துப்பாட்டு, டிரம்மோடு சேர்ந்து இடிக்கிற இடம், இவை போதும்.

மேடையில் வாசிப்பவருக்கு ஓசி-5ஐத் தயங்காமல் சொல்வேன். ஓசி-2வின் குரலுக்காக மட்டும் பழைய சாமானைத் தேடி அலைய வேண்டாம், விண்டேஜ் முறை போதும். ஐந்து கம்பிப் பேஸ் வைத்திருப்பவர் பி கம்பியில் இதை முயலவே வேண்டாம். 30.9 ஹெர்ட்ஸைப் பாதியாக்கினால் 15.4, அது மனிதக் காதுக்கே எட்டாது. வாங்கப் போகும்போது கடைக் கித்தாரை நம்பாமல் உங்கள் கித்தாரையே எடுத்துப் போங்கள். ஏ கம்பியின் 7வது ஃப்ரெட்டுக்கு மேல் வாசித்துப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.