பாவைக்கு ஒரு மீற்றர் சேலை

மருதமுனைத் தறியில் நெய்த சாரன் துணியில் மிஞ்சிய ஒரு துண்டை எடுத்து, 30 சென்ரிமீற்றர் உயரமுள்ள பாவைப்பிள்ளை ஒன்றுக்கு உடுத்திப் பாருங்கள். துணியில் ஓர் அங்குலமாக இருந்த கட்டம் பாவையின் இடுப்பில் அரையடிக் கட்டமாகத் தெரியும். மேசைவிரிப்பைச் சுற்றிக்கொண்டு நிற்பது போலிருக்கும். நெசவிலும் குறையில்லை, தையலிலும் குறையில்லை, அளவுதான் பிழைத்துவிட்டது. கைத்தறித் துண்டில் பாவை செய்து விற்கலாம் என்று நம் பக்கத்தில் யோசிப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளப்போகும் இடம் இதுதான்.

யோசனைக்குப் பின்னால் இருக்கும் நியாயங்கள் வலுவானவை. காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று கடலோரமாக ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் தையல் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோள், இலங்கையின் வேறெந்த மாவட்டத்தையும் விட அம்பாறையிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது, பத்தாயிரத்துக்கும் மேல். அதன்பின் இந்தக் கரைக்கு வந்த உதவிகளில் தையல் மெசினும் இருந்தது. மெசின் வந்த அளவுக்கு அதில் தைக்க வேலை வரவில்லை. ஒரே தெருவில் பலர் சட்டை தைக்க இருந்தால் கூலி ஏறாது. ஆயத்த ஆடையோ கடையில் மலிவாகக் கிடைக்கிறது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் மாதச் சம்பளம் உண்டு. ஆனால் அங்கே வரிசையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கொலர் மட்டும், அல்லது பை மட்டும் தைக்க வேண்டும். பல வருடம் அப்படி வேலை செய்தவருக்கும் ஒரு முழுச் சட்டையை வெட்டித் தைக்கும் தைரியம் வராமல் போகலாம். பாவைக்கு உடுப்புத் தைப்பவரோ அளவெடுப்பதிலிருந்து கடைசிக் கொக்கி வைப்பதுவரை எல்லாவற்றையும் தானே செய்கிறார். முழுத் தையலையும் ஒருவர் தன் கையில் வைத்திருக்க இன்று மிஞ்சியுள்ள வழிகளில் இது ஒன்று. இதற்காகவே நான் இந்தக் கைவினையின் பக்கம் நிற்கிறேன். இதற்காகவே அதைக் கறாராகப் பார்க்கவும் விரும்புகிறேன்.

அதே கடற்கோளுக்குப் பின் இந்தியாவில் ஒரு பாவை பிறந்தது. புதுச்சேரிக்கு அருகே ஆரோவிலில் உள்ள உபாசனா நிறுவனத்தின் உமா பிரஜாபதி, 2005இல் சுற்றியுள்ள மீனவக் கிராமத்துப் பெண்களைத் திரட்டித் துணித்துண்டில் ஒரு சின்னப் பாவையைச் செய்யவைத்தார். சுனாமிகா என்று பெயர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை விற்கவில்லை. அன்பளிப்பாகக் கொடுத்தார்கள், செய்த பெண்களுக்கு நன்கொடையிலிருந்து கூலி போனது. பல இலட்சம் பாவைகள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன. வீடும் ஆட்களும் போன பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து கையை அசைக்க ஒரு வேலை கிடைத்ததே, அந்த நேரத்தில் அது மருந்துதான்.

2018 ஓகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்துச் சேந்தமங்கலம் நெசவாளர்களின் சேலைகள் சேற்றில் ஊறிப்போயின. ஓணத்துக்கு விற்க வைத்திருந்த சரக்கு அது. லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அந்தச் சேலைகளைக் கழுவி, வெட்டி, சேக்குட்டி என்ற பாவைகளாக மாற்றும் வேலையைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 1,300 ரூபாய்ச் சேலை ஒன்றில் 360 பாவைகள். ஒன்று 25 ரூபாய். ஆக 9,000 ரூபாய். எரிக்க வேண்டியிருந்த துணிக்கு ஏழு மடங்கு வரவு.

இந்தக் கணக்கைக் கேட்டு நம் ஊரில் யாராவது அப்படியே தொடங்கினால் கைசுடும். 360 பாவைகளையும் செய்தவர்கள் தொண்டர்கள். அவர்களுடைய நேரத்துக்கு அந்தக் கணக்கில் விலையே இல்லை. பாவையால் உலை வைக்க வேண்டிய பெண்ணுக்கு அது பொருந்தாது. இன்னொன்று, இவ்விரு பாவைகளையும் யாரும் சற்று நேரத்தில் பழகிவிடலாம். சுருட்டி, முடிந்து, இரண்டு தையல் போட்டால் போதும். எல்லோரும் கைகொடுக்க வேண்டிய அவசரத்தில் அந்த எளிமைதான் அதன் பலம். தொழிலென்று வந்தால் அதுவே பலவீனம்: எவரும் செய்யக்கூடியதற்கு எவரும் கூடுதலாகத் தரமாட்டார். வாங்குபவர் விலை கொடுப்பது வெள்ளத்தின் கதைக்கு. கதை பழசானதும் கை மூடிக்கொள்ளும். கடற்கோள் முடிந்து இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இன்னும் அந்த அலையைக் காட்டித்தான் இந்தக் கரையின் பெண்கள் எதையும் விற்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

கதையை நம்பாமல் உடுப்பை நம்பி நிற்கும் பாவைகளும் உண்டு. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1965இல் புதுதில்லியில் திறந்த சர்வதேசப் பாவை அருங்காட்சியகத்துக்கென்று ஒரு பட்டறை இருக்கிறது. இந்தியாவின் பல பகுதி உடைகளையும் நகைகளையும் விசாரித்து அறிந்து அங்கே பாவைகளுக்கு அணிவிக்கிறார்கள். அவை 1980இல் போலந்தின் கிராக்கோவில் முதற்பரிசும் பெற்றன. வேலைப்பாடு அருமை. ஆனால் இந்த வகைக்கே உரிய ஒரு கோளாறு இருக்கிறது: ஒரு சனத்துக்கு ஓர் உடுப்பு என்று முடிவுகட்டிவிடுவது. அநேகமாக அது கலியாண உடுப்பு. நம் நாட்டு நினைவுப்பொருள் கடைகளிலும் கண்டி நடனக்காரரும் கண்டி மணப்பெண்ணும்தான் திரும்பத் திரும்ப நிற்கிறார்கள்.

இதே அச்சில் நம் கரைக்குப் பாவை செய்தால் என்ன வரும்? பட்டுச் சேலையும் பொட்டுமாக ஒரு தமிழ்ப் பெண், கறுப்பு அபாயாவில் ஒரு முஸ்லிம் பெண். இரண்டும் பாதி உண்மை. சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்ட சாய்ந்தமருது மூத்தம்மாக்களை இந்த ஊர்கள் நன்றாக அறியும். அபாயா பரவலானது கடந்த சில பத்தாண்டுகளில்தான். தமிழரான காரைதீவுக் கமக்காரரையும் முஸ்லிமான நிந்தவூர்க் கமக்காரரையும் வயல் வரம்பில் தூரத்திலிருந்து பார்த்தால் இருவர் இடுப்பிலும் சாரன். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் திருவிழாவில் பாண்டவராக வேடம் பூணுபவரின் உடுப்பு வேறொரு உலகம். உடுப்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறது, அயலோடு கொடுத்து வாங்கியும் வந்திருக்கிறது. அந்த மாற்றத்தைக் காட்டாத பாவை, பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் எண்ணத்தையே உறுதிப்படுத்திவிட்டுப் போகும்.

பாவைக்கு உடுத்திவிடுவது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் மரப்பாச்சிச் சோடிக்கு ஒவ்வொரு நவராத்திரிக்கும் வீட்டுப் பிள்ளைகள் புதிதாக உடுத்திவிடுகிறார்கள். மரம் அதேதான், உடுப்பு ஆண்டுக்கு ஆண்டு வேறு. கோயிலில் சாத்துப்படி செய்பவரின் கையையும் கவனிக்கலாம். பாவையையும் மூர்த்தியையும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. நுட்பத்தை மட்டும் சொல்கிறேன். முழுச் சேலை ஒன்றை இரண்டடி உற்சவ மூர்த்திக்கு மடித்துக் கட்டி, கரை மட்டும் வெளியே தெரிய, மிச்சத் துணி இருக்குமிடம் தெரியாமல் மறைத்துவிடுகிறார். பெரிய துணியைச் சின்ன உருவத்துக்கு இணக்கும் வித்தை அது.

சுருக்கிச் சொன்னால் சிக்கல் கணக்கில்தான். ஐந்தரை மடங்கு சிறிதான உடலுக்கு ஐந்தரை மீற்றர்ச் சேலை ஒரு மீற்றராகும். அகலம் 21 சென்ரிமீற்றர். பத்து சென்ரிமீற்றர்க் கரை இரண்டுக்கும் குறையும். ஆனால் நூலின் தடிப்பு குறையாது. ஆறு கொசுவம் வைத்தால் வயிற்றில் உருளை வைத்தது போல் துணி விறைத்து நிற்கும். தையல் விளிம்புக்கு மூன்று மில்லிமீற்றர்தான் விடலாம். கைத்தறித் துணி அந்த ஓரத்தில் பிரியத் தொடங்கிவிடும். தெரிந்தவர்கள் மேற்சட்டை முழுவதற்கும் மெல்லிய உட்துணி கொடுத்துத் தைத்துப் புரட்டுவார்கள். பக்கத் தையலை மூடுவதற்கு முன்பே கையைப் பொருத்திவிடுவார்கள். மெசினில் தையல் நீளத்தை ஒன்றரை மில்லிமீற்றருக்கு இறக்குவார்கள். தெரியாதவர்கள் பசை பூசி ஒட்டிவிடுவார்கள். நான் ஒரு பாவையைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது உடுப்பைக் கழற்ற முடிகிறதா என்பதைத்தான். ஒட்டிய உடுப்பு வெறும் சோடனை.

1945இல் பாரிஸ் நகரத்து ஆடைக் கலைஞர்கள் இந்தத் தையலை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். போர் துணியைத் தின்றுவிட்டிருந்தது. மனித அளவில் மூன்றிலொரு பங்கான கம்பிப் பாவைகளைச் செய்து, தங்கள் புதிய ஆடைகளை அவற்றுக்கே தைத்துக் காட்சி வைத்து, நிவாரண நிதி திரட்டினார்கள். பொத்தான் உண்மையாகவே பூட்டியது. முகத்தில் அலங்காரம் ஏதும் இல்லை. அங்கேயும் பின்னணி ஓர் அழிவுதான்; ஆனால் சனம் வியந்தது தையலைப் பார்த்து. அப்பாவைகள் இன்று அமெரிக்காவின் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

முகம் என்ற விடயம் நம் கரையில் இன்னும் கூர்மையாகப் பேசப்பட வேண்டியது. நபிகளாரின் துணைவியார் அன்னை ஆயிஷா நாயகி சிறுவயதில் பாவைகள் வைத்து விளையாடிய செய்தி ஹதீஸில் உண்டு; அதைக் கொண்டு குழந்தைகளின் விளையாட்டுப் பாவையை அனுமதித்த அறிஞர்கள் பலர். அலுமாரியில் காட்சிக்கு வைக்கும் உருவத்தைப் பற்றிய அபிப்பிராயமோ பலரிடம் கண்டிப்பானது. கலைப்பாவை இந்த இரண்டாவது வகைக்குள்தான் வரும். இதை எண்ணாமல் கல்முனையில் பயிற்சி வகுப்புத் தொடங்குபவர், பாதிப் பெண்கள் தயங்கி நிற்பதை ஏனென்று விளங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். கண் மூக்கு எழுதாத துணி முகம் எல்லோருக்கும் போதுமான பதில் என்று நான் சொல்லமாட்டேன். பலருக்கு வழி திறக்கும். கைவினையாகப் பார்த்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. வாங்கி ஒட்டிய கண்ணும் சாயமிட்ட உதடும் நல்ல தையலையே மழுங்கடித்துவிடுவதுண்டு. முகம் போய்விட்டால் தோள் சரிவும், முக்காடு விழும் விதமும், சாரனை மடித்துக் கட்டிய இறுக்கமும் பேச வேண்டும். தைப்பவருக்கு ஒளிய இடமில்லை.

இனி நெசவு. துண்டுத் துணியை விட்டுவிட்டு, பாவைக்கென்றே நெய்யக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். ஐந்து மில்லிமீற்றர்க் கட்டத்தைப் பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றிப் போடுவது மருதமுனை நெசவாளருக்குப் பெரிய காரியமல்ல. ஒரு தறி அகலத்தில் ஐந்து பாவைச் சேலைக்கு இடமுண்டு. ஆனால் நடுவில் வெட்டினால் கரையோரம் பிரியும். ஆகவே மெல்லிய நூலும் ஒடுங்கிய சின்னத் தறியும் தேவை. செலவு கூடும். மிச்சத் துணியில் காசு என்ற கவர்ச்சி அத்தோடு போய்விடும். பாவையின் விலை ஒரு நல்ல சேலையின் விலையைத் தொடும். வாங்குபவர்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் சிலராகவே இருப்பார்கள். ஐம்பது பெண்களுக்கு வேலை தருவதாக எந்தத் திட்டத்திலும் எழுத முடியாது. ஐந்து பேருக்கு மதிப்பான வேலையும், ஒரு நெசவாளருக்குச் சவாலும் கிடைக்கும். அந்த ஐந்து பேர் செய்யும் பாவையின் சீட்டில் தைத்தவரின் பெயர், நெய்தவரின் பெயர், ஊர், எடுத்த மணித்தியாலங்கள் இருக்க வேண்டும். விலையை அந்த மணித்தியாலங்களிலிருந்துதான் போட வேண்டும்.