கேட்டது கண், கிடைத்தது கோல்

'பொறுமையா இரு, கடவுள் பாத்துப்பாரு' என்பதுதான் நமக்குப் பழகிய பக்தி. சுந்தரரின் 7ஆம் திருமுறை அதற்குள் அடங்காது. சேக்கிழார் சொல்லும் கதையில், சங்கிலியைப் பிரிய மாட்டேன் என்ற சத்தியத்தை மீறித் திருவொற்றியூரைத் தாண்டியதும் அவருக்குப் பார்வை போகிறது. திருவெண்பாக்கத்தில் கேட்டது கண், கிடைத்தது ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண் மட்டும். வலக்கண்ணுக்குத் திருவாரூர்வரை போக வேண்டும்.

நான் கேட்ட சொற்பொழிவுகளில் இது தண்டனை, மன்னிப்பு, சுபம். பதிகங்களை வாசித்தால் வேறு குரல்: திருவாரூரில் அவர் கெஞ்சுவதைவிடக் குத்திக்காட்டுவதுதான் அதிகம். அந்தக் கோபத்தை ஒதுக்கினால் கவிதையே போச்சு. நம்பாதவன் எதுக்குச் சண்டை போடணும்? எழுந்து போயிடுவான். இவரோ திட்டியபடியே, அதே கடவுள் கொடுத்த கோலை ஊன்றி, அடுத்த கோயிலுக்கு நடக்கிறார். எனக்கு இதுதான் நம்பிக்கையாகப் படுகிறது.