வேலைக்காரி முதல் தொழிலாளர் வரை

'வேலைக்காரி' என்ற சொல்லைப் படித்தவர்கள் இப்போது தவிர்க்கிறார்கள். தவிர்க்கத்தான் வேண்டும். ஆனால் 'காரர்' என்ற விகுதியில் இழிவு எதுவும் இல்லை. கடைக்காரரும் பால்காரரும் பணக்காரரும் அதே விகுதியில்தான் நிமிர்ந்து நிற்கிறார்கள். இழிவு, மரியாதை கழிந்த 'காரி'யில் இருக்கிறது. ஐம்பது வயதுப் பெண்ணை வீட்டுப் பிள்ளைகூட "அவ இன்னும் வரலையா?" என்று கேட்பதன் இலக்கணம் அது. அண்ணாவின் 'வேலைக்காரி' 1949இல் திரைப்படமாகி அந்தப் பெயரைச் சுவரொட்டியில் ஏற்றியது. அப்படியும் சொல்லின் தாழ்வு நீங்கவில்லை. போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்த 'ஆயா'வோ பிள்ளை வளர்ப்பவருக்கு உரியது. பாத்திரம் தேய்ப்பவருக்குப் பொருந்தாது.

அந்த இடத்தில் இன்று 'அக்கா' வந்திருக்கிறது. அவமதிப்பு குறைந்தது உண்மை. கூப்பிடுபவரின் அன்பும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறவுப்பெயர் கூலியை மறைக்கிறது. அக்கா சம்பளம் கூட்டிக் கேட்டால் "வீட்டு ஆளா நெனச்சோமே" என்ற மனத்தாங்கல் வருகிறது. வார விடுமுறைக்குப் பதிலாகத் தீபாவளிக்கு ஒரு புடவை கிடைக்கிறது. அதே அக்காவுக்குக் காபி மட்டும் தனி டம்ளரில்! உறவு கடமைகளில் மட்டுமே செல்லுபடியாகிறது.

பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா என்பது நியாயமான கேள்வி. நிறையாது. ஆனாலும் சட்டம் பெயர் சொல்லி அழைத்தவர்களுக்குத்தான் கதவு திறக்கிறது. 2007இல் தமிழ்நாட்டில் இவர்களுக்கெனத் தனி நலவாரியம் அமைந்தபோது 'வீட்டுப் பணியாளர்' என்ற பெயர் பதிவேட்டில் ஏறியது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இவர்களைத் தனியே வரையறுத்ததால், வேலை செய்யும் வீடும் பணியிடமானது. எனினும் 'பணி'யில் பணிதலின் சாயல் ஒட்டியிருப்பதால், 'வீட்டு வேலைத் தொழிலாளர்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தப் பெயரைத் தரத்தான் அரசு தயங்குகிறது. 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இவர்களுக்காகக் கொண்டுவந்த 189ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ 'தொழில்' என்பதன் வரையறையிலிருந்தே வீட்டு வேலையை விலக்கிவைத்திருக்கிறது. முதலில் திருத்த வேண்டிய சொல் அங்கே இருக்கிறது.