நூலக இணையதளங்கள்: ஒரு மதிப்பீடு

இறையியல் கல்லூரியில் பயிலும் ஆண்டுகளில் மாணவருக்குக் கிட்டும் பேறுகளுள் ஒன்று கல்லூரி நூலகம். பட்டம் பெற்றுச் சிற்றூர்ச் சேகரம் ஒன்றிற்கு அனுப்பப்பட்டதும் அப்பேறு அவரை விட்டு நீங்கிவிடுகிறது. போதகர் இல்லத்து அலமாரியிலுள்ள சில விளக்கவுரைகளும், ஒரு வேத அகராதியும், மாணவப் பருவத்துக் குறிப்பேடுகளுமே அதன்பின் அவருடைய நூலகமாக எஞ்சுகின்றன. இந்நிலையை மாற்ற வந்தவை நூலக இணையதளங்கள். கைப்பேசி ஒன்று இருந்தால், சென்னையிலோ சிக்காகோவிலோ உள்ள நூலின் பக்கத்தை இரவு எந்நேரத்திலும் திறந்து படிக்க இயலும். ஆதலால் இத்தளங்களின் தரத்தை ஆராய்வது நூலகருக்கு மட்டும் உரிய தொழில்நுட்பப் பணி அன்று. அவற்றை நம்பி அருளுரையும் ஆய்வேடும் எழுதுகிற நம் அனைவருக்கும் அது உரிய கடமையாகும்.

இத்தளங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையையே முன்வைக்கின்றனர். இத்தனை ஆயிரம் நூல்கள், இத்தனை இலட்சம் பக்கங்கள் என்னும் கணக்கு நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. ஆனால் தேடுபவருக்கு அகப்படாத நூல், எத்தனை ஆயிரங்களுள் ஒன்றாயினும், இல்லாத நூலே. அகப்பட்டும் இன்ன பதிப்பு என்று தெரியாத நூல் ஐயத்தையே தரும். ஒரு தளம் தன்னிடமுள்ள ஒவ்வொரு நூலையும் பற்றி எவ்வளவு தெளிவாகவும் உண்மையாகவும் நமக்குச் சொல்கிறதோ, அதுவே அத்தளத்தின் தரம் என்பது நம் கருத்து. இக்கருத்தைத் துணைகொண்டு, தமிழ் வாசகர் மிகுதியாக நாடும் சில தளங்களை இங்கே மதிப்பிட முற்படுகிறோம்.

அளவுகோல்

இதற்கான அளவுகோலைத் தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் அவர்கள், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டிவைப்பதற்காக இருப்பவை அல்ல என்பதும், வாசகரையும் அவருக்குரிய நூலையும் ஒன்றுசேர்ப்பதே நூலகத்தின் வேலை என்பதும், வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதும் அவ்விதிகளின் சாரம். கணினியோ இணையமோ இல்லாத காலத்தில் எழுந்த அவ்விதிகளிலிருந்து இன்றைய தளங்களுக்கும் பொருந்தும் மூன்று வினாக்களைப் பெறலாம். தேடும் நூல் எளிதில் அகப்படுகிறதா? அகப்பட்டது எந்த நூலின் எந்தப் பதிப்பு, அது முழுமையானதா என்பது தெரிகிறதா? இன்று கண்ட பக்கம் நாளையும் அங்கே இருக்குமா?

எழுத்துவடிவும் படவடிவும்

மின்னூலகங்கள் நூல்களை இரண்டு வடிவங்களில் தருகின்றன. ஒன்று, நூல் முழுவதையும் தட்டச்சு செய்து எழுத்துவடிவில் தருவது. மற்றொன்று, அச்சிட்ட பக்கத்தை அப்படியே படமாக எடுத்துத் தருவது. இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாதவர் இத்தளங்களைச் சரியாகப் பயன்படுத்த இயலாது.

எழுத்துவடிவத்திற்குச் சிறந்த சான்று மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் ஒருங்கிணைப்பில் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய இம்முயற்சி, முற்றிலும் தன்னார்வலர் உழைப்பால் நடைபெறுவது. ஒவ்வொரு மின்னூலின் தொடக்கத்திலும் தட்டச்சு செய்தவர், பிழைதிருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் தரப்படுகின்றன. இது நன்றியறிதல் மட்டும் அன்று; பொறுப்பேற்றலும் ஆகும். இக்கோப்புகள் அளவில் சிறியவை. இணைய இணைப்பு நலிந்த ஊரிலும் விரைவில் திறக்கும். ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்பதை நொடியில் தேடிக் காணலாம். ஆனால் அச்சுநூலின் பக்க எண் இதில் மறைந்துவிடுகிறது. தொடக்ககால மின்னூல்கள் சிலவற்றில் எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தனர் என்பதும் விளங்குவதில்லை. ஆகவே சொல்லாய்வுக்கும் விரைவான வாசிப்புக்கும் இத்தளம் மிகவும் உதவும். ஆய்வேட்டின் அடிக்குறிப்புக்கு இது ஒன்றே போதாது.

படவடிவத்திற்குச் சான்று, தமிழ்நாட்டரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் 2001-இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், இலக்கியங்களை உரைகளுடன் எழுத்துவடிவில் தந்துவந்ததோடு, பின்னர் அரிய நூல்கள், பருவ இதழ்கள், சுவடிகள், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஆகியவற்றைப் பக்கப் படங்களாகத் தரும் மின்னூலகத்தையும் அமைத்தது. இங்கே முகப்புப் பக்கம், பதிப்பாண்டு, அச்சகத்தின் பெயர், பக்க எண் ஆகிய அனைத்தையும் நம் கண்ணாலேயே காண்கிறோம். சான்று காட்டுவதற்கு இதைவிட உறுதியானது வேறில்லை. எனினும் படமாக உள்ள பக்கத்தினுள் ஒரு சொல்லைத் தேட வழியில்லை. நூலின் தலைப்போ ஆசிரியர் பெயரோ தெரிந்தவருக்கு இது திறந்த வாயில். ஒரு பொருளைப் பற்றி யார் யார் எழுதியுள்ளனர் என்று அறிய விரும்புபவருக்குப் பாதி மூடிய வாயில்.

இவ்விரு வடிவங்களின் நன்மைகளையும் ஒருங்கே தருவது சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும், தரங்கம்பாடியில் 1972-இல் அச்சான பெப்ரீசியுஸ் அகராதிப் பதிப்பும் அங்கே தேடத்தக்க வடிவில் உள்ளன. எந்தப் பதிப்பு என்பது ஐயமின்றிக் கூறப்பட்டுள்ளது. தேடிய சொல்லோடு அச்சுநூலின் பக்க எண்ணும் கிடைக்கிறது. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பிலோ ஞானப்பாட்டிலோ வரும் சொல் ஒன்று அக்காலத்தில் என்ன பொருளில் வழங்கிற்று என்று அறிய விரும்பும் போதகருக்கு இதற்கு ஈடான தளம் வேறில்லை. இதிலுள்ள தமிழ் அகராதிகள் எண்ணிக்கையில் மிகச் சிலவே என்பதை இங்கே கருத்தில் கொள்ள வேண்டும்.

விவரிப்பின் பயன்

இலங்கைத் தமிழ் எழுத்தாவணங்களைப் பேணுவதற்கென 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் தளம் நம் தனிக் கவனத்திற்குரியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன என்பதை நாம் அறிவோம். அதன்பின் வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு நூலகங்கள் பலவும் அழிந்தன. இத்தகைய இழப்பை அறிந்த சமுதாயத்தில் எழுந்த இத்தளம், பெரிய நூல்களோடு நில்லாமல் சிறு பிரசுரங்கள், ஊர் மலர்கள், பள்ளி இதழ்கள், நினைவு மலர்கள் ஆகியவற்றையும் சேர்க்கிறது. ஒவ்வோர் ஆவணத்திற்கும் தனிப்பக்கம் அமைத்து, ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் ஆகிய விவரங்களைத் தருகிறது. பலவற்றின் உள்ளடக்கப் பட்டியலையும் தட்டச்சு செய்து அதே பக்கத்தில் சேர்த்திருக்கிறது. இதன் பயன் பெரிது. இதழ் படவடிவில் இருந்தாலும் அதனுள் உள்ள கட்டுரையின் தலைப்பைத் தேடி அடைய முடிகிறது. பொறுமையோடு ஒருவர் தட்டச்சு செய்த ஒரு பக்கப் பட்டியல், நூறு பக்கப் படங்களை உயிர்ப்பிக்கிறது.

இதற்கு மாறான நிலையை இணைய ஆவணக் காப்பகத்தில் காண்கிறோம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1996-இல் தொடங்கிய இக்காப்பகத்தில், இந்திய மின்னூலகத் திட்டத்தின் கீழ்ப் படமெடுக்கப்பட்ட தமிழ் நூல்கள் பெருந்தொகையாக உள்ளன. வேறெங்கும் கிடைக்காதவையும் அவற்றுள் உண்டு, எவரும் தரவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் தலைப்புகள் பல உரோம எழுத்தில், ஒரே முறையைப் பின்பற்றாமல் எழுதப்பட்டுள்ளன. ஆசிரியர் பெயர் சிதைந்தும் ஆண்டு பிழைபட்டும் இருப்பதுண்டு. பக்கங்கள் விடுபட்டிருப்பின் அதுபற்றிய குறிப்பும் இராது. எழுத்துக்கூட்டலை ஊகித்து ஊகித்துத் தேடும் வாசகரின் நேரம் கழிகிறது. அரங்கநாதன் அவர்களின் நான்காம் விதி இங்கே மீறப்படுகிறது எனலாம். செல்வம் உண்டு, திறவுகோல் இல்லை.

பெயர்களின் சிக்கல்

இச்சிக்கல் கிறிஸ்தவத் தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இன்னும் கடுமையானது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட காப்பியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதற்சொல்லையே இரட்சணிய, இரட்சண்ய, இரக்ஷணிய, ரக்ஷண்ய எனப் பலவாறு எழுதுகின்றனர். ஆசிரியர் பெயரோ கிருஷ்ணபிள்ளை என்றும் கிருட்டிணபிள்ளை என்றும் காணப்படும். வீரமாமுனிவரைப் பெஸ்கி என்னும் பெயரின் கீழும் தேட வேண்டும். திருமறையைக் குறிக்கவே வேதாகமம், விவிலியம், சத்தியவேதம், பைபிள் எனச் சொற்கள் பல. பழைய நூலகத்தின் அட்டைப்பெட்டியில், பெஸ்கி என்ற அட்டையை எடுத்தால் வீரமாமுனிவர் என்பதைப் பார்க்க என்று எழுதியிருக்கும். நூலகர் எழுதிய அந்த ஒரு வரி மாணவரை வழிதவறாமல் காத்தது. இத்தகைய வழிகாட்டிக் குறிப்பு ஒரு தளத்தில் உண்டா என்பதைச் சோதித்தறிவது எளிது. ஒரே ஆசிரியரை இரண்டு பெயர்களில் தேடிப் பாருங்கள். இரண்டிற்கும் ஒரே விடை வருமாயின் அத்தளத்தில் நூலகர் ஒருவர் உழைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். வேறுவேறு விடை வருமாயின், நூல் இல்லை என்று முடிவு செய்வதற்குமுன் மற்றொரு பெயரிலும் தேடுவது நம் கடமை.

நிலைபேறு

மூன்றாவது வினா நிலைபேற்றைப் பற்றியது. பெரிய நிறுவனங்களின் தளங்களும் அசைக்க முடியாதவை அல்ல. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதன் நூற்பட்டியல் 2024 சனவரியில்தான் ஓரளவு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. இணைய ஆவணக் காப்பகமும் 2024 அக்டோபரில் தாக்கப்பட்டுச் சில நாள்கள் முடங்கிற்று. ஆகவே ஆய்வேட்டில் இணைய முகவரியை மட்டும் குறிப்பது போதாது. அச்சுநூலின் பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றையும், தளத்தைப் பார்த்த நாளையும் சேர்த்தெழுதும் வழக்கத்தை மாணவர் மேற்கொள்வாராக. தளம் மறைந்தாலும் நூலை வேறிடத்தில் தேடிக் காண அது உதவும்.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நூலின் பதிப்புரிமை நீடிக்கிறது. யார் இசைவுடன் நூலை ஏற்றினர் என்பதைத் தெளிவாகக் கூறும் தளமே நாம் மனச்சான்றோடு பயன்படுத்தத் தக்கது.

நம் நூலகங்களின் நிலை

இதுகாறும் பிறர் உழைப்பை மதிப்பிட்டோம். இதே அளவுகோலை நம் கல்லூரி நூலகங்களின்மீது வைத்துப் பார்ப்பதும் நேர்மையாகும். தட்டச்சுப்படியாக மட்டுமே உள்ள ஆய்வேடுகள், பேராய இதழ்கள், நூற்றாண்டு விழா மலர்கள், பழைய ஞானப்பாட்டுப் புத்தகங்கள், ஊர்ச்சபை வரலாறுகள் ஆகியவை நம் அலமாரிகளில் உள்ளன. இவற்றைப் பிறர் யாரும் நமக்காகப் பட்டியலிடப் போவதில்லை. பட்டியல் வெளிவராத வரையில், அவை இருப்பதை அவற்றைத் தேவைப்படுவோர் அறியமாட்டார்.

தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்க், இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் வரைந்தார். தம் சபையாரின் நூல்கள், கத்தோலிக்கர் நூல்கள், இந்நாட்டுச் சமயத்தாரின் நூல்கள், இஸ்லாமியர் நூல்கள் எனப் பிரித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகளைப் பற்றி இது எதைக் கூறுவது, எத்தகையது என்று குறிப்பெழுதினார். தாம் உடன்படாத நூலையும் விட்டுவிடாமல் விவரித்தார். அப்பட்டியல் இன்று அக்காலத் தமிழ் வாசிப்பின் வரலாற்றுக்கே ஆதாரமாகத் திகழ்கிறது. அவர் சார்ந்திருந்த ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனங்கள், அந்நாளைய மிஷன் அறிக்கைகளை இன்று இணையத்தில் வைத்துள்ளன. அவற்றைப் படிக்க ஜெர்மன் மொழியறிவு வேண்டும் என்பது தடையே; ஆயினும் நம் வரலாற்றின் ஒரு பகுதி அங்கே முறையாக விவரிக்கப்பட்டிருக்கிறது.

பொருட்செலவு இதற்குப் பெருந்தடை அன்று. நியூசிலாந்தில் 1999-இல் உருவாக்கத் தொடங்கிய கோகா என்னும் நூலக மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அந்நாட்டு மாவோரி மொழியில் அச்சொல்லுக்கு நன்கொடை என்றே பொருள். நமக்குத் தேவைப்படுவது உழைப்பு. பேராய இதழின் ஓராண்டுத் தொகுதியின் உள்ளடக்கத்தை ஒரு மாணவர் தட்டச்சு செய்ய ஒரு வாரம் போதும். ஒவ்வொரு வகுப்பும் சில தொகுதிகளை ஏற்றுக்கொண்டால், சில ஆண்டுகளில் நம் இதழ்கள் அனைத்திற்கும் அட்டவணை அமைந்துவிடும். பக்கங்களைப் படமெடுக்கும் வேலை அதன்பின் வரட்டும். முதலில் பட்டியல் வெளிவரட்டும். நம்மிடம் படித்துச் சென்று தொலைவிலுள்ள சேகரங்களில் பணிபுரியும் போதகர்களுக்கு இக்கல்லூரிகள் தொடர்ந்து செய்யக்கூடிய ஊழியங்களுள் இதுவும் ஒன்று. வரும் கல்வியாண்டிலேயே இதனைத் தொடங்குமாறு நூலகர்களையும் ஆசிரியர்களையும் வேண்டுகிறோம்.