கடல்வரைபடத்திலிருந்து கற்பனை நிலத்திற்கு: பாலின் பெய்ன்ஸின் வரைபடக் கலை

மிகுபுனைவு நூலொன்றைத் திறக்கும் வாசகரின் கண்ணில் முதலிற்படுவது பெரும்பாலும் ஒரு நிலவரைபடமே. கதைமாந்தர் ஒருவரின் பெயரையும் அறியுமுன்னரே மலை, ஆறு, காடு, துறைமுகம் ஆகியவற்றின் பெயர்களை அவர் அறிந்துகொள்கின்றார். எனினும், இத்தகைய வரைபடங்களைப் பற்றிப் பேசுவோர் நூலாசிரியரின் கற்பனை வளத்தையே வியந்து பேசுகின்றனர். கோடு இழுத்த கை நன்றியுரையோடு நின்றுவிடுகின்றது. சி. எஸ். லூயிஸின் நார்னியாவுக்கும், ஜே. ஆர். ஆர். டோல்கீனின் மிடில் எர்த்துக்கும் வரைபடம் தீட்டிய பாலின் பெய்ன்ஸ் (1922–2008) அவ்வாறு பின்தள்ளப்பட்டவர். அவருடைய படைப்பு வாழ்வை உற்று நோக்கின், கற்பனை நிலம் வெறுங்கற்பனையிலிருந்து பிறப்பதில்லை, பழகிய கையிலிருந்தும் பயின்ற ஏட்டிலிருந்தும் பிறக்கின்றது என்பது புலனாகும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெய்ன்ஸ் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். தந்தையார் ஆக்ராவில் ஆணையராகப் பணியாற்றியவர். ஆக்ராவும், கோடையில் மசூரி மலையும், அன்பு காட்டிய ஆயாவும் நிறைந்த அவ்வாழ்வு 1927-இல் முடிவுற்றது. தாயார் நோயுற்றமையால் பெண்மக்கள் இருவரும் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தந்தையார் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். கன்னிமாடப் பள்ளியில் அச்சிறுமி பேசிய இந்தி நகைப்புக்குரியதாயிற்று. வீட்டில் தைத்த உடையும், எல்லை கடந்த கற்பனையும்கூட ஏளனத்துக்கு உள்ளாயின. தாம் விரும்பிப் படித்த ருட்யார்ட் கிப்லிங்கும் சிறு பருவத்தில் இவ்வாறே இந்தியாவிலிருந்து பிரித்து அனுப்பப்பட்டவர் என்று அறிந்தபோது அவருக்கு ஓரளவு ஆறுதல் கிட்டியது.

இந்தியவியல் துறையினராகிய நமக்கு இவ்விடத்தில் ஓர் ஆசை எழுவது இயல்பு. நார்னியாவின் மலைச்சரிவுகளில் மசூரியைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாமா என்பதே அது. அதற்குச் சான்று இல்லை. ஐந்து வயதில் ஒரு நிலத்தையும் அதன் மொழியையும் இழந்த ஒருவர், பிற்காலத்தில் இல்லாத நிலங்களை வரைவதில் பெயர் பெற்றார் என்பது வரையிலேயே நாம் செல்லலாம். அதற்கு மேற்சென்றால் அது ஆய்வாகாது, நம் விருப்பமாகிவிடும்.

சான்றுள்ள ஊற்று வேறொன்று உண்டு. அதுவே போதிய கவனம் பெறாதது. இரண்டாம் உலகப் போரின்போது பெய்ன்ஸ் முதலில் ஃபார்ன்ஹாம் கோட்டையில் இயங்கிய உருமறைப்புப் பயிற்சி நிலையத்தில், பயிற்சிக்கு உதவும் மாதிரி வடிவங்களைச் செய்தார். பின்னர் 1942 முதல் 1945 வரை பாத் நகரில், பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் நீர்ப்பரப்பு அளவைத் துறையில் வரைபடங்களும் கடல்வரைபடங்களும் வரைந்தார். கடல்வரைபடம் என்பது எத்தகையது? கரையின் வளைவு, நீரின் ஆழம், மறைந்து கிடக்கும் பாறை, மணல் திட்டு ஆகியவற்றை மாலுமி ஒரு நோக்கில் உணருமாறு காட்டுவது. அதில் ஓர் எண் பிறழ்ந்தால் கப்பல் தரைதட்டும். அங்கே வரைபவரின் மனப்போக்குக்கு இடமில்லை. கை தன்னை மறைத்துக்கொள்ளப் பழகவேண்டும். தோன்றியதை வரைவதே கற்பனை ஓவியம் என்று கருதுவோர் இம்மூன்றாண்டுப் பயிற்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இப்பயிற்சியோடு மற்றொன்றும் சேர்ந்தது. போர்க்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு இடம்பெயர்ந்திருந்த ஸ்லேட் கலைப்பள்ளியில் அவர் சிறிது காலம் பயின்றார், பட்டயம் பெறவில்லை. ஆனால், ஆர்தர் ராக்கம், எட்மண்ட் டுலாக், குஸ்தாவ் டோரே ஆகியோரின் ஓவியங்களையும், பெயரறியா இடைக்கால ஏட்டோவியர்களின் வேலைப்பாட்டையும் கண்டு, நூல்களுக்குப் படம் வரைவதே தம் வாழ்க்கைப்பணி எனத் தெளிந்தார். இடைக்கால ஏடுகளின் ஓரங்களில் குறும்பாக வரையப்பட்டிருக்கும் உருவங்களைத் தழுவி அவர் வரைந்தவையே டோல்கீனைக் கவர்ந்தன. அதன் பயனாக 1949-இல் ‘ஃபார்மர் கைல்ஸ் ஆஃப் ஹாம்’ அவருடைய படங்களோடு வெளிவந்தது. டோல்கீன் வழியாகவே லூயிஸ் அவரை அறிந்தார். 1950 முதல் 1956 வரை வெளிவந்த நார்னியா நூல்கள் ஏழுக்கும் அவரே ஓவியர்.

இனி, இரு நூலாசிரியரும் அவரிடம் வேண்டியவை எவ்வளவு வேறுபட்டவை என்பதைக் காண்போம். 1951-இல் ‘பிரின்ஸ் கேஸ்பியன்’ நூலுக்கான வரைபடம் பற்றி எழுதிய லூயிஸ், அரசு நில அளவைத் துறை வெளியிடும் தாள் போலன்றி இடைக்கால வரைபடம் போல் அது அமைய விரும்பினார். மலைகளும் கோட்டைகளும் உருவாகவே வரையப்படவேண்டும், மூலைகளில் காற்று ஊதவேண்டும், கடலில் கப்பல்களும் திமிங்கிலங்களும் ஓங்கில்களும் காணப்படவேண்டும் என்பது அவர் கருத்து. நம் இலக்கணச் சொல்லால் கூறுவதாயின், முதற்பொருளாகிய நிலத்தோடு கருப்பொருளையும் அவர் வேண்டினார். மூன்றாண்டுகள் கருப்பொருளை நீக்கி நிலத்தையும் நீரையும் மட்டுமே வரைந்து பழகிய கைக்கு இவ்வேண்டுகோள் எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும்!

டோல்கீன் வேண்டியதோ துல்லியம். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலுக்கு 1954-இல் வெளிவந்த வரைபடத்தை அவர் மகன் கிறிஸ்டோபர் வரைந்திருந்தார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் சுவரொட்டியாக ஒரு பெரிய வரைபடம் வெளியிடப் பதிப்பகம் முற்பட்டபோது, டோல்கீன் தாம் நூலெழுதுங்கால் கட்டத்தாள்களில் வரைந்தவற்றின் படிகளைப் பெய்ன்ஸுக்கு அளித்தார். கிறிஸ்டோபரின் வரைபடத் தாளிலும் தம் கைப்படக் குறிப்புகள் எழுதினார். ஹாபிட்டன் ஊர் ஆக்ஸ்ஃபோர்டின் அகலக்கோட்டில் உள்ளது, மினாஸ் டிரித் நகர் ஏறத்தாழ இத்தாலியின் ரவென்னாவுக்கு நிகரான அகலக்கோட்டில் உள்ளது என்பன போன்ற செய்திகள் அவற்றுள் அடங்கும். பெய்ன்ஸ் இவற்றோடு நிறைவடையவில்லை. ஹாம்ஷயரின் போர்டன் படைமுகாமிலிருந்த வரைபட வல்லுநர்களின் துணையையும் நாடினார். இல்லாத நாடொன்றை வரைவதற்குப் படையினரின் வரைபட அறிவை நாடிய இச்செயல், அவருடைய கலைக்கொள்கையை எந்த நேர்காணலைக் காட்டிலும் தெளிவாக உணர்த்துகின்றது. சுவரொட்டி 1970-இல் வெளிவந்தது.

மூலநூலும் உரையும் என்ற பாகுபாடு நமக்குப் பழகியது. பெய்ன்ஸை நாம் உரையாசிரியர் வரிசையில் வைத்துக் காண்பது தகும். உரையாசிரியர் மூலத்தின் சொல்லை மாற்றுவதில்லை. ஆயினும், வாசகர் மூலத்தைக் காணும் கண் அவருடையதாகிவிடுகின்றது. நல்ல உரை சில இடங்களில் மூலத்தோடு மாறுபடவும் துணியும். ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ (1954) அதற்குச் சான்று. அந்நூலில் வரும் கலோர்மென் நாட்டாரைக் கொடுமையும் ஆடம்பரமும் மிக்க கீழைநாட்டாராக லூயிஸ் படைத்திருப்பது பின்னாளில் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அக்கண்டனம் நியாயமானதே. ஆனால், அதே நூலுக்கு வரைந்த பெய்ன்ஸ், பாரசீகச் சிற்றோவிய மரபின் சாயலில் கட்டடங்களுக்கும் உடைகளுக்கும் ஒரு நேர்த்தியை அளித்துள்ளார். சொல் இகழும் இடத்தில் கோடு இகழவில்லை. கீழைநாட்டுக் காட்சிப்பொருளாக்கம் என்ற குற்றச்சாட்டிலிருந்து இதனால் அவரை முற்றிலும் விடுவித்துவிட இயலாது; அழகுபடுத்துதலும் ஒருவகை விலக்கிவைத்தலே எனலாம். எனினும், இப்படங்களை லூயிஸின் சொற்களோடு சேர்த்து ஒரே தராசில் நிறுப்பது பிழை என்றே கருதுகின்றோம்.

குறைகளும் உள. லூயிஸ் பெய்ன்ஸை நேரில் பாராட்டினாரெனினும், அவருக்குச் சிங்கம் வரையத் தெரியவில்லை என்று பிறரிடம் குறைகூறியுள்ளார். டோல்கீனும் 1970-ஆம் ஆண்டுச் சுவரொட்டியைப் பொதுவாக ஏற்றுக்கொண்ட போதிலும், அதன் ஓரங்களில் இடம்பெற்ற உயிரினங்களை, குறிப்பாகச் சிலந்தியை, விரும்பவில்லை. இம்மதிப்பீட்டை நாமும் உடன்படுகின்றோம். அந்தச் சுவரொட்டியில் நிலம் உயிர்பெற்று நிற்கின்றது. மலைத்தொடரின் திருப்பம், ஆற்றின் போக்கு, காட்டின் அடர்த்தி ஆகியவற்றில் பிழை காண்பது அரிது. தீய மாந்தரோ அச்சுறுத்துவதில்லை. மென்மையான அக்கோட்டுக்குக் கொடுமை கைவரவில்லை.

வரைபடப் புகழைப் பெய்ன்ஸ் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை. வீரப்பண்புக் காலத்தைப் பற்றிய ‘எ டிக்ஷனரி ஆஃப் ஷிவல்ரி’ நூலுக்கு ஏறத்தாழ 600 படங்கள் வரைய இரண்டாண்டுகள் உழைத்தார். 1968-ஆம் ஆண்டுக்கான கேட் கிரீன்அவே பதக்கம் அதற்கே கிட்டியது. நார்னியாப் படங்களுக்கு ஒருமுறைத் தொகை பெற்றாரேயன்றி விற்பனையில் பங்கு பெறவில்லை. சர்ரே வட்டாரத்தின் டாக்கன்ஃபீல்டில், ஃபார்ன்ஹாமுக்கு அருகே, முன்னாள் ஜெர்மானியப் போர்க்கைதியான கணவரோடும் நாய்களோடும் அமைதியாக வாழ்ந்தார். நாய்கள் மீது கொண்ட பற்றே ‘ஹவ் டாக் பிகேன்’ (1985) என்னும் நூலாயிற்று. உடை, படைக்கலம், விலங்கு, சமயம் எனப் பல துறை நூல்களைத் திரட்டி வைத்திருந்தார். அவற்றையும் தம் ஓவியங்களையும் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரிக்கு விட்டுச்சென்றார். அவர் மறைந்தபோது அச்சேறாமல் இருந்தவற்றுள் ஈசாப் கதைகளுக்கும் திருக்குர்ஆனுக்கும் வரைந்த படங்களும் இருந்தன.

டோல்கீன் குறிப்பெழுதிய அவ்வரைபடத் தாளைப் பெய்ன்ஸ் தமது ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பிரதிக்குள்ளேயே வைத்திருந்தார். கப்பல்களுக்கு எந்நிறம் தீட்டவேண்டும், யானைகள் எப்போரில் தோன்றுகின்றன என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டின் அரிய நூல் விற்பனையகம் ஒன்றில் அது வெளிச்சத்துக்கு வந்தது; மறு ஆண்டில் பாட்லியன் நூலகம் அதனை விலைக்கு வாங்கியது.