சுவைப்போர் மனநிலையும் பாட்டின் மதிப்பும்

தொப்பூர்க் கணவாய்க்கு வடக்கே அமைந்த தகடூரை, இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாய்ந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை புறநானூற்றின் 235ஆம் பாட்டாகும். அண்மையில் உற்றாரை இழந்த ஒருவன் இதனைக் கற்பின் கண்ணீர் சொரிவான். இன்பத்தில் திளைப்பவனோ, 'மன்னே' என்னுஞ் சொல் பன்முறை வருதலைக் குற்றமெனக் கருதலும் கூடும். இருவர் கூற்றும் அவரவர் உள்ளநிலைக்கே சான்றாம். பாட்டொடு இயைபில்லாத சொந்த நினைவுகள் மதிப்பீட்டைப் பிறழ்விக்கும் என்பதை, கேம்பிரிட்சு மாணாக்கர் எழுதிய கருத்துரைகளைக் கொண்டு ஐ. ஏ. ரிச்சர்ட்சு 1929இல் விளக்கினார்.

'மன்' என்னும் இடைச்சொல் கழிவுப்பொருளும் தரும் எனத் தொல்காப்பியம் கூறும். அச்சொல் வருந்தோறும் அதியமானது ஈகை ஒவ்வொன்றும் கழிந்துபோன ஒன்றாகின்றது. இஃது எம்மனநிலையார்க்கும் பாட்டினுள்ளேயே காணக்கிடப்பது. நம் துயரம் பாட்டினுள் நம்மை விரைந்து புகுவிக்கலாம். அதன் தகுதியைச் சொல்லின்வழியே நிறுவுதல் வேண்டும்.