கடன் வாங்கிய முகங்கள்

சுவிஸில் தனியாகத் தொழில் செய்யும் ஓர் ஓவியர், முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் படத்தைக் கைக்குக் கை விற்க வேண்டுமென்றால், இன்று அவருக்குத் திறந்திருக்கும் எளிய வழி ரசிகர் கண்காட்சியில் ஒரு மேசை எடுப்பதுதான். ஓவியக் கூடத்துக்குள் நுழையப் பெயர் வேண்டும். பதிப்பகத்தின் படியேற ஒரு முழுப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். பாசல் மெஸ்ஸே மண்டபங்களில் 2015 முதல் நடக்கும் ஃபேன்டசி பாசல், 2005இல் லவுசானில் தொடங்கி ஈஸ்டர் விடுமுறையில் கூடிவரும் பொலிமங்கா, லவுசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னின்று நடத்தும் ஜப்பான் இம்பாக்ட் போன்றவற்றில் ஒரு விண்ணப்பமும் சில மாதிரிப் படங்களும் கட்டணமும் இருந்தால் இடம் கேட்கலாம். சான்றிதழ் தேவையில்லை, சிபாரிசும் தேவையில்லை.

இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இன்று நடக்கும் விதத்தில் அது ஓவியரை விற்கப் பழக்குகிறதே தவிர வளரவிடுவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பேசாமல் ‘ஓவியருக்கு நல்ல மேடை’ என்று பாராட்டுவதும், ‘ஒட்டுப்படக் கடை’ என்று ஒதுக்குவதும் சரியான மதிப்பீடு ஆகாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். லூசேர்னில் 1992 முதல் நடக்கும் ஃபுமெத்தோ, லவுசானின் பேடேஃபில் ஆகியவை சித்திரக்கதையைக் கலையாக மதித்துச் சுவரில் தொங்கவிடும் விழாக்கள். அவற்றின் தரம் உயர்ந்தது. ஆனால் பிரெஞ்சு மொழிச் சித்திரக்கதை விழாக்களில் பழையதொரு வழக்கம் உண்டு. வாசகர் புத்தகத்தை நீட்டுவார். ஓவியர் முதல் பக்கத்தில் ஒரு படம் வரைந்து கையெழுத்திட்டுக் கொடுப்பார். வரிசை நீளும், கை வலிக்கும், பெரும்பாலும் அந்த உழைப்புக்குத் தனியாக ஒரு சல்லியும் கிடைக்காது. இதற்குக் கூலி வேண்டும் என்று ஓவியர்கள் நெடுநாளாக வாதாடி வருகிறார்கள். ரசிகர் கண்காட்சியின் ஓவியர் வரிசையில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. அங்கே படத்துக்கு விலை உண்டு, விலை எழுதியும் வைக்கப்பட்டிருக்கும். ஒரு கோட்டுச் சித்திரம் கேட்டால் அதற்கும் விலை உண்டு. ஓவியம் ஓர் உழைப்பு என்பதை அந்த விலை அட்டை கூச்சமில்லாமல் சொல்கிறது.

இன்னொன்று, அந்த மேசை தரும் கல்வி. கம்பி வலைச் சட்டங்களைப் பிளாஸ்டிக் கொளுவிகளால் பூட்டி எழுப்பிய ஒரு சிறு சுவர். அதில் ஏ3, ஏ4 அச்சுகள். முன்னே ஒட்டுப்படங்கள், அக்ரிலிக் சாவிவளையங்கள், கண்ணாடி உறைகளில் படங்களை அடுக்கிய கோப்பு. ஓரத்தில் பணம் செலுத்தும் ட்வின்ட் செயலிக்கான குறியீட்டு அட்டை. அட்டைக் கவசமும் நீலப் பொய்முடியும் அணிந்த பதினைந்து வயதுப் பிள்ளை அந்தக் கோப்பைப் புரட்டுகிறது. பத்துப் பக்கத்தை வேகமாகத் தள்ளிய கை ஒரு பக்கத்தில் நிற்கிறது. விலையைப் பார்க்கிறது, போகிறது, சற்று நேரத்தில் தோழியை இழுத்துக்கொண்டு அதே பக்கத்துக்குத் திரும்புகிறது. எந்தப் படம் அந்தக் கையை நிறுத்தியது என்பதை மேசைக்குப் பின்னால் இருப்பவர் கண்ணால் காண்கிறார். எந்தப் பதிப்பாசிரியரும் இதைச் சொல்லித்தர முடியாது. ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா தன் வெளியீடுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றதை நாம் தியாகமாக மட்டுமே நினைவுகூர்கிறோம். வாசகரின் முகத்தைப் பார்த்து விற்பவருக்குக் கிடைக்கும் அறிவும் அதில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி கணக்கு. ஓர் எடுத்துக்காட்டுக்கு மூன்று நாள் மேசைக்கு 300 பிராங்க், இரண்டு இரவு தங்க 260, ரயிலுக்கு 100, சாப்பாட்டுக்கு 90 என்று வைத்துக்கொள்வோம். முதல் படம் விற்கும் முன்பே 750 பிராங்க் போய்விட்டது. ஓர் அச்சு 15 பிராங்க், அச்சிட்டு உறை போட 2 பிராங்க், மிஞ்சுவது 13. போட்ட காசை எடுக்கவே 58 அச்சுகள் விற்க வேண்டும். நாளுக்கு நாற்பதாக 120 விற்றுவிட்டால் கையில் 810 பிராங்க் நிற்கும். மேசையில் 27 மணிநேரம், பயணமும் கட்டி அவிழ்ப்பதுமாக இன்னும் 8 மணிநேரம். மணிக்கு 23 பிராங்க் என்பது மோசமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் படங்கள் தாமாக முளைக்கவில்லை. இருபது படம், படத்துக்கு எட்டு மணிநேரம் என்றால் 160 மணிநேரம். நான்கு கண்காட்சிகளுக்கு அதைப் பங்கிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 40 மணிநேரம் சேர்கிறது. இப்போது கூலி மணிக்கு 11 பிராங்குக்கும் கீழே. பாசல் நகர மாநிலம் 2022 ஜூலையில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தைக் கொண்டுவந்தபோது அது மணிக்கு 21 பிராங்க். அந்தச் சட்டம் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கானது. தனக்குத்தானே முதலாளியாக நிற்பவருக்கு அதில் இடமில்லை.

அந்தப் பதினொன்றிலிருந்துதான் மற்றதெல்லாம் போக வேண்டும். மருத்துவக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம். முதியோர் காப்புறுதிச் சந்தாவில் ஊழியருக்குப் பாதியை முதலாளி கட்டுவார்; சுயதொழில் செய்பவர் முழுவதையும், வருமானத்தில் 10 விழுக்காடு வரை, தானே கட்ட வேண்டும். வேலையிழப்புக் காப்புறுதியில் அவர் விரும்பினாலும் சேர முடியாது. இரண்டாம் தூண் எனப்படும் தொழில் ஓய்வூதியம் அவருக்குக் கட்டாயமில்லை, ஆகவே பெரும்பாலும் அது இருப்பதுமில்லை. உபதொழிலாகச் சுயமாக உழைப்பது 2025 முதல் ஆண்டுக்கு 2,500 பிராங்கைத் தாண்டாவிட்டால், நாமாகக் கேட்டால்தான் சந்தா. பலர் இதைச் சலுகையாக எடுத்துக்கொள்கிறார்கள். வேறு வேலையே இல்லாமல் காலம் தள்ளும் ஓவியர் இந்த விலக்கு தனக்குமென்று நினைத்துவிட்டால் கட்டாத ஆண்டுகள் ஓய்வூதியத்தில் ஓட்டையாக நிற்கும். சுவிஸ் கலைஞர்களின் வருமானத்தை 2021இல் ஆராய்ந்த சுவிஸ்கல்ச்சர் சோசியால் அமைப்பு, ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் ஆண்டுக்கு 40,000 பிராங்குக்கு மேல் காண்பதில்லை என்று கண்டது. கண்காட்சி மேசை இந்தப் பொதுநிலைக்கு விலக்கு அல்ல, அதன் ஒரு முனை.

‘படம் கீறி என்னத்தை உழைக்கப் போறாய்?’ என்று இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் கேட்பதைக் கலை அறியாதவர்களின் பேச்சு என்று பிள்ளைகள் தள்ளிவிடுவதுண்டு. எண்பதுகளில் அகதியாக வந்து உணவகச் சமையலறையில் கோப்பை கழுவியவர்கள் அவர்கள். சம்பளச் சீட்டில் எந்த வரி என்ன பிடிக்கிறது, பிடிக்காத ஆண்டு பின்னால் எப்படி வந்து நிற்கும் என்று உடம்பால் கற்றவர்கள். அவர்களுடைய கேள்வியில் மேலே சொன்ன கணக்கு முழுவதும் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய கேள்விதான் அது.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மேசையில் இருப்பது யாருடைய பாத்திரம் என்பது. வரிசையில் நடந்து பார்த்தால் பெரும்பகுதி ரசிகர் ஓவியம்தான்: அனிமே நாயகர்கள், வீடியோ விளையாட்டு வீராங்கனைகள், பெரிய நிறுவனங்களின் சொத்தான முகங்கள். ஓவியரின் கோடு சொந்தமானது, முகம் கடன். 1993 முதல் நடப்பில் உள்ள சுவிஸ் பதிப்புரிமைச் சட்டம் நையாண்டிக்கும் அதுபோன்ற மாற்றங்களுக்கும் இடம் தருகிறது. ஆனால் வேறொருவரின் படைப்பை அடியாகக் கொண்டு செய்த படைப்பை விற்க மூல ஆசிரியரின் அனுமதி தேவை. அந்த அனுமதி அநேகமாக யாரிடமும் இல்லை. உரிமையாளர்கள் பார்த்தும் பாராமல் விடுவதால்தான் வரிசை நடக்கிறது. நாளை ஒரு நிறுவனம் மனம் மாறினால், ஐந்தாண்டு உழைப்பை ஓவியர் மேசையில் வைக்கவே முடியாமல் போகலாம்.

இதைத் திருட்டு என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சித்திரக்கதையின் தொடக்கமே இந்த மண்ணில் இந்தச் சிக்கலோடுதான் நிகழ்ந்தது. ஜெனீவாவின் பள்ளி ஆசிரியர் ரொடோல்ஃப் டொப்ஃபர், படமும் கீழே வரிகளுமாகக் கதைகளை வரைந்து நண்பர்களுக்குக் காட்டிவந்தார். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த ஜெர்மன் கவிஞர் கெதே பாராட்டினார். பின்னர் டொப்ஃபர் கல்லச்சு முறையில், தன் கைக்கோடு அப்படியே தாளில் இறங்கும்படி, 1833இல் ‘மொசியூ ஜாபோ’வைத் தானே அச்சிட்டார். சொந்தப் படம், சொந்த அச்சு, சொந்தச் செலவு. இன்றைய மேசைக்காரர்களின் மூதாதை என்று அவரைச் சொல்லலாம். 1839இல் பாரிஸின் ஓபேர் பதிப்பகம் அவருடைய புத்தகங்களைப் பார்த்து மறுபடி வரைந்து, அனுமதியின்றி விற்றது. இன்னொரு கதை லண்டனுக்குப் போய், அங்கிருந்து 1842இல் ‘ஒபடையா ஓல்ட்பக்’ என்ற பெயரில் நியூயோர்க்கில் வெளிவந்தது. டொப்ஃபர் மனம் நொந்தார். அதேவேளை அந்தத் திருட்டுப் பதிப்புகள் வழியாகத்தான் ஒரு புதிய கலை கடல் கடந்தது. பிரதி எடுப்பது கலையைப் பரப்பும். படைத்தவருக்குச் சோறு போடாது. இரண்டும் ஒருசேர உண்மை.

ஆகவே ரசிகர் ஓவியம் கூடுமா கூடாதா என்பதல்ல என் கேள்வி. அதிலிருந்து அடுத்து என்ன முளைக்கிறது? டோக்கியோவில் 1975இல் தொடங்கிய கொமிக்கெட் சந்தையிலும் கடன் வாங்கிய பாத்திரங்கள் ஏராளம். ஆனால் அங்கே விற்பனையின் நடுநாயகம் புத்தகம். பிறர் பாத்திரத்தை வைத்தேனும் இருபது பக்கக் கதை சொல்லியாக வேண்டும். பக்கத்தைப் பிரிப்பது, உரையாடல் எழுதுவது, ஒரு காட்சியை எங்கே வெட்டுவது என்பதெல்லாம் அப்படித்தான் கைவந்தன. கிளாம்ப் குழுவினர் அந்தச் சுயவெளியீட்டு உலகிலிருந்து எழுந்து முன்னணி மங்கா ஆசிரியர்களானார்கள். ஐரோப்பாவுக்கு வந்தபோது அந்தச் சந்தையின் உருவம் வந்தது, புத்தகம் பின்தங்கிவிட்டது. இங்கே மேசையில் இருப்பது தனிப்படம். நின்ற நிலையில் ஒரு நாயகன், நல்ல வெளிச்சம், அழகான கூந்தல். வாங்கியவர் அதைச் சுவரில் ஒட்டுகிறார். அவருக்கு நாயகனின் பெயர் தெரியும், ஓவியரின் பெயர் தெரியாது. அடுத்த ஆண்டு வேறு தொடர் பெயர்பெற்றால் ஓவியர் வேறு முகம் வரைய வேண்டும். இந்த ஓட்டத்தில் கை தேர்ச்சி பெறுகிறது. சொல்ல ஒரு கதை சேர்வதில்லை. இந்த வழக்கத்தின் பெரிய குறையாக நான் காண்பது இதுதான்.

நாட்டின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. மூன்று மொழிக்குப் பிரிந்த சிறு சந்தையில் பேச்சில்லாத படம் எங்கும் விற்கும். ஜெர்மன் மொழிக் கதைப்புத்தகம் லவுசானில் விற்காது. வெளியே போகலாமென்றால், சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியச் சுங்க எல்லைக்குள் இல்லை. டூசல்டோர்ஃபில் நடக்கும் டொக்கோமிக்கு ஒரு பெட்டி அச்சுகளை விற்கக் கொண்டுபோவதும் எல்லையில் கணக்குக் காட்ட வேண்டிய இறக்குமதி.

ஏற்பாட்டாளர்கள் செய்யக்கூடியது உண்டு. பார்வையாளரிடம் நுழைவுச்சீட்டுக்கும் ஓவியரிடம் மேசைக்கும் என இருபுறமும் வசூலிப்பவர்கள் அவர்கள். பாதி மேசையையாவது சொந்தப் படைப்புக்கு ஒதுக்குபவருக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம். சிறு கதைப்புத்தகங்களுக்கு மட்டுமான ஒரு வரிசையை வாசலுக்கு அருகே வைக்கலாம், மண்டபத்தின் கோடியில் அல்ல. மாநிலங்களும் நகரங்களும் கலைக்கு ஒதுக்கும் நிதியில் முப்பது பக்கப் புத்தகத்தின் அச்சுச் செலவு மிகச் சிறிய தொகை. ஓவியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: கடன் முகங்கள் கொண்டுவரும் காசில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் சொந்தக் கதையின் அடுத்த பத்துப் பக்கங்களுக்கு எடுத்து வையுங்கள்.

இந்த வழக்கம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாகக் கொமிக் கொன் நடந்தது. அங்கே மேசை போடும் இளைஞர்களுக்குப் பாசலில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் வந்தியத்தேவனையும் பூங்குழலியையும் வைத்து யாரிடமும் கேளாமல் முழுக் கதையே வரையலாம். கதைக்குப் படம் வரைந்த மணியம் இந்தப் பாத்திரங்களுக்குக் கொடுத்த முகத்தை எடுக்காமல் ஓவியரே புதிய முகம் காண வேண்டும், அவ்வளவே. அந்தப் பூங்குழலியை எந்த நிறுவனமும் ஒருநாள் வந்து திருப்பிக் கேட்க முடியாது.